பாட்டுக்கு நடுவில் மணி

"பெரிய வெள்ளி பிரசங்கம்னு எழுதியிருக்கே, சூசை?"

"அப்பல்லாம் எங்கம்மா வீட்ல இருக்கற எல்லா கேசட்டையும் போட்டுப் போட்டுப் பாக்கும். பிரசங்கம்னு எழுதி வச்சாத்தான் தொடாது."

ஸ்டெல்லாமேரி சிரித்தாள். குருசுக்குப்பத்தில் அவள் வீட்டு வாசலில், ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் நின்றிருந்தான் சூசை. அறுபத்தொன்பது வயது. ஒரு காலத்தில் டிரம்ஸ் அடித்த கையால் கேசட்டை நீட்டிக்கொண்டிருந்தான்.

"ஓடுமா இது?"

"காலையில போட்டுப் பாத்தேன். நீ பாடுற. பீரோவுக்கு அடியில அம்மாவோட ஜெபப் புத்தகங்களோட கெடந்திருக்கு. உன் தொண்டை அப்ப எப்பிடி இருந்துச்சு தெரியுமா? கெளம்பு, கெளம்பு. நாலு மணிக்கு ஆரம்பிக்கறாங்க."

"நான் வரல."

"ரிச்சர்ட் வந்திருக்கான்."

"அதான் வரலங்கறேன்."

"ஸ்டெல்லா, நாளைக்குத் திங்கக்கிழமை. அந்த விஜயராகவன் நாளைக்கு எழுதி அனுப்பிடுவாரு. பிரான்ஸ்ல அச்சடிச்சுடுவான். அப்புறம் நீயும் நானும் செத்தாலும் அது அவன் பாட்டுதான்."

அவள் கேசட்டை அவன் கையிலேயே திணித்தாள். உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

விஷயம் இதுதான். நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் புதுச்சேரியில் 'லே கொர்போ' என்று ஒரு ராக் குழு இருந்தது. பிரெஞ்சில் காக்கைகள் என்று அர்த்தம். ரிச்சர்ட் கித்தார், சூசை டிரம்ஸ், ஸ்டெல்லாமேரி பாட்டு. அவர்கள் பாட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் பிழைத்தது. 'கதவத் தட்டு.' மெட்ராஸ் ஸ்டுடியோ ஒன்றில் பதிந்து, சின்ன இசைத்தட்டாக வந்தது. அதில் பாடியவன் ரிச்சர்ட். உறையில் 'பாட்டு, இசை: ரிச்சர்ட்' என்று போட்டிருந்தது. பிறகு அவன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, போய்விட்டான். குழு கலைந்தது. ஸ்டெல்லாமேரி நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதும் வேலைக்குப் போனாள். இப்போது பிரான்சில் ஒரு கம்பெனி அந்தத் தட்டை மறுபடி வெளியிடப் போகிறது. உறைக்குள் போடும் குறிப்பை எழுதுகிறவர், மூலக்குளத்தில் பழைய இசைத்தட்டுகள் சேர்த்து வைத்திருக்கும் விஜயராகவன். அந்தத் தட்டைப் போட்டுக் கேட்க இன்று அவர் வீட்டில் ஒரு கூட்டம்.

வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடி அவள் கேட்டாள். "பாட்டு யாருதுன்னு இவ்ளோ வருஷமா நீ ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"எல்லார்கிட்டயும் சொன்னேன். டிரம்ஸ் அடிக்கறவன் பேச்சை யாரு கேக்கறா?"

---

விஜயராகவன் வீட்டு மாடியில் முப்பது நாற்காலிகள், நாற்பது பேர். வாசலில் அவர் மனைவி சுமலதா எல்லாருக்கும் மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில், வெள்ளைச் சட்டையும் கழுத்தில் மெல்லிய துண்டுமாக ரிச்சர்ட். முடி மட்டும் இன்னும் அடர்த்தி.

"ஸ்டெல்லா!" அவன் எழுந்தே விட்டான். விஜயராகவன் பக்கம் திரும்பினான். "பாருங்க முசியே, நம்ம குரூப்ல கோரஸ் பாடுன பொண்ணு வந்திருக்கு!"

சூசை வாயைத் திறந்தான். ஸ்டெல்லாமேரி அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

"உக்காரு சூசை. மொதல்ல அவங்க சொல்லட்டும்."

விஜயராகவன் தட்டை வைத்தார். முள் இறங்கியது.

நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. சுத்தமான சத்தம். கித்தார் துடைத்து வைத்த கண்ணாடி போல. ரிச்சர்டின் இருபத்து மூன்று வயதுக் குரல். பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றது. வெறும் மௌனம். பிறகு குரல் மட்டும்:

"ஜன்னல்ல பாத்தது போதும்டி..."

மறுபடி மௌனம்.

"வாசல்ல வந்து நின்னேன்டி..."

மறுபடி மௌனம்.

"தைரியம் எனக்கு உண்டுன்னா..."

எல்லா வாத்தியமும் ஒன்றாக விழுந்து, "தட்டுவேன்! தட்டுவேன்!" என்று போய், மெல்லத் தேய்ந்து முடிந்தது.

கைதட்டினார்கள். விஜயராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருபது வருஷமா இதைக் கேக்கறேன். அந்த மூணு மௌனம் இருக்கு பாருங்க. ஒவ்வொண்ணும் அஞ்சரை செகண்டு. எந்தத் தாளத்துக்கும் அடங்கல. நாலாலயும் வகுபடல, எட்டாலயும் வகுபடல. அந்தக் காலத்துல இங்க ஒருத்தர் இப்பிடி யோசிச்சிருக்காருன்னா! சார், எப்பிடித் தோணுச்சு?"

ரிச்சர்ட் கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டான். "பிரான்சுல ஒரு ரேடியோவுலயும் இதையே கேட்டாங்க. நான் சொன்னேன், மௌனமும் ஒரு வாத்தியம். அதை வாசிக்கத் துணிச்சல் வேணும்."

சுமலதா கணவனிடம் மெதுவாகக் கேட்டாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "ஏங்க, கதவத் தட்டப் போறவன் எதுக்கு ஜன்னல்ல பாத்தது போதும்டின்னு அவளப் பாத்துச் சொல்றான்? பாத்தது இவன்தானே?"

யாரோ சிரித்தார்கள். ஸ்டெல்லாமேரி அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். இவள் காது நல்ல காது.

"அதுக்கு நான் பதில் சொல்லட்டுமா?" என்று எழுந்தாள். "அந்த வரி ஆம்பள பாடறதுக்கு எழுதுனது இல்ல. பொண்ணு பாடறது. ஜன்னல்ல பாத்தது போதும்டா. வாசல்ல வந்து நில்லுடா. தைரியம் உனக்கு இருந்தாக்கா, தட்டு. மெட்ராஸ்ல ஸ்டுடியோக்காரரு, பொம்பளப் பிள்ளை இப்பிடிக் கூப்புட்டா கடையில தட்டு வாங்க மாட்டாங்கன்னாரு. அதனால புரட்டிப் போட்டாங்க. இந்த ஒரு வரி மட்டும் சரியாப் புரளாம மாட்டிக்கிச்சு."

"எழுதுனது யாரும்மா?" என்றார் விஜயராகவன்.

"நான்தான்."

எல்லாத் தலையும் ரிச்சர்ட் பக்கம் திரும்பியது.

ரிச்சர்ட் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. சின்னப் பிள்ளையிடம் பேசுவது போலப் பேசினான். "ஸ்டெல்லா, வயசாயிடுச்சு நம்ம எல்லாருக்கும். நீ அப்பப்ப மேடையில இதைப் பாடியிருக்கே, இல்லங்கல. தட்டு வந்தப்புறம் எல்லாரும் பாடுனாங்க. அதுக்காக..."

"தட்டுக்கு முன்னாடி பாடுனேன்."

"சாட்சி?"

சூசை கேசட்டை எடுத்து மேசையில் வைத்தான். விஜயராகவன் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"பெரிய வெள்ளி பிரசங்கமா?"

"அதை விடுங்க சார், போடுங்க. ஜூலை பதினாலு, பிரான்சோட தேசிய நாள் அன்னிக்கு எங்க தெருவுல சொல்தா வீட்டுக்காரங்கல்லாம் சேந்து ஆட்டம் வைப்பாங்க. எங்கண்ணன் லீவுல வந்தப்ப டேப் ரிக்கார்டர் கொண்டாந்தான். ஜன்னல் கட்டையில வச்சுப் புடிச்சது. மாதா கோயிலுக்குப் பின்பக்கம்."

"தேதி எதுவும் எழுதலியே?"

"பிரசங்கத்துக்கு யாரு சார் தேதி எழுதுவா?"

---

முதலில் இரைச்சல். நாய் குரைத்தது. ஒரு பெண்குரல் யாரையோ "மூதேவி, காலை மிதிக்கற" என்று திட்டியது. பிறகு டிரம்ஸ், கொஞ்சம் வேகமாகவே. பிறகு கித்தார். பிறகு அவள்.

ஸ்டெல்லாமேரி தன் குரலைக் கேட்டு நாற்பத்தேழு வருஷம் ஆகிவிட்டது. யாரோ பக்கத்து வீட்டுப் பெண் போல இருந்தது. பயமே இல்லாத பெண். தட்டில் இருந்த பாட்டு தலை வாரிப் பவுடர் போட்டது என்றால், இது குளித்துவிட்டு ஈரத் தலையோடு தெருவுக்கு ஓடி வந்தது.

பாட்டின் நடுவில், டாண்.

கோயில் மணி.

வாத்தியமெல்லாம் நின்றுவிட்டது. டாண். டாண். கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டது போல ஓர் அமைதி. அந்த அமைதிக்குள் அவள் குரல் மட்டும், தனியாக:

"ஜன்னல்ல பாத்தது போதும்டா..."

டாண், டாண், டாண்.

"வாசல்ல வந்து நில்லுடா..."

டாண், டாண், டாண்.

"தைரியம் உனக்கு இருந்தாக்கா..."

டிரம்ஸ் இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. "தட்டு! தட்டு!" மணியும் விடாமல் அடிக்கத் தொடங்கியது. குரல் மேலே போக மணி மேலே போனது, மணி மேலே போகக் குரல் அதற்கும் மேலே போனது. யாரோ விசில் அடித்தார்கள். கடைசியில் மணிதான் முதலில் ஓய்ந்தது. அதற்குப் பிறகும் அவள் ஒருமுறை, "தட்டு!"

விஜயராகவன் நின்றபடியே இருந்தார். "ஐயையோ," என்றார் மெதுவாக. "மூணு மௌனம்."

"சாயந்தரம் ஆறு மணி," என்றாள் ஸ்டெல்லாமேரி, கூட்டத்தில் தெரியாதவர்களுக்காக. "எங்க கோயில்ல திரிகால மணி அடிப்பாங்க. மூணு தடவை, மூணு மூணா. நடுவுல ஒரு அருள் நிறைந்த மரியே சொல்ற அளவுக்கு இடைவெளி விடுவாங்க. அப்புறம் சேந்தாப்புல ஒம்பது. மணி கேட்டா நாங்க எது செஞ்சாலும் நிறுத்திடுவோம். சோத்துல கை வச்சிருந்தாலும் நிறுத்திடுவோம். சிலுவை போட்டுட்டு ஜெபம் சொல்லுவோம். அன்னிக்கு இவங்க எல்லாரும் நின்னுட்டாங்க. தெருவே நின்னுடுச்சு. நான் நிக்கல. ஜெபம் சொல்ற இடத்துல இதைப் பாடுனேன். மறுநாள்லேருந்து ஊரே என்னைக் காறித் துப்புச்சு."

"ஸ்டுடியோவுல மணி கெடையாது," என்றான் சூசை. "ஆனா எனக்கு அந்தப் பாட்டு அப்பிடித்தான் பழகிப் போச்சு. மனசுக்குள்ள மணிய அடிச்சுக்கிட்டுத்தான் நிறுத்துனேன். அதான் சார் உங்க கணக்குக்கு அடங்கல."

கூட்டம் சலசலத்தது. ரிச்சர்ட் கையை உயர்த்தினான்.

"ஒரு நிமிஷம். நான் ஒண்ணு சொல்றேன். மௌனம் பாட்டுல மொதல்லேருந்தே இருந்துச்சு. நான் வச்சது. நாங்க அன்னிக்கு நிறுத்துன நேரமும் மணி அடிச்ச நேரமும் ஒண்ணா வந்துடுச்சு. தற்செயல். நல்ல தற்செயல், ஒத்துக்கறேன். தட்டுல பாடுனது நான். பேரு என் பேரு. ஒரு கோயில் மணிய வச்சு அதை மாத்த முடியாது."

விஜயராகவன் தலையைச் சொறிந்தார். "அதுவும் நடக்கக் கூடியதுதாம்மா. மணி வந்ததால நிறுத்துனாங்களா, நிறுத்துனப்ப மணி வந்துச்சா... கேசட்ட வச்சு எப்பிடிச் சொல்றது?"

சூசை அவளைப் பார்த்தான். அவ்வளவுதானா என்கிற பார்வை.

ஸ்டெல்லாமேரி கண்ணை மூடிக்கொண்டாள். சற்று முன் கேட்டதை மனதுக்குள் திரும்ப ஓடவிட்டாள். ஓர் இடத்தில் நின்றாள்.

"மறுபடியும் போடுங்க," என்றாள். "மொத மணி விழற இடம் மட்டும். சத்தத்தைக் கூட்டி வைங்க."

கேசட்டைப் பின்னால் சுற்றினார். ஓடவிட்டார். டிரம்ஸ், கித்தார், குரல். டாண். அதோடு சேர்ந்து ஒரு கிறீச்.

"அது என்ன சத்தம்?" என்றாள் சுமலதா உடனே. "பூனைய மிதிச்சாப்புல?"

"இன்னொரு தடவை போடுங்க."

டாண். கிறீச். கித்தார் கம்பிகளில் நகம் இழுபட்டு, பாதி ஸ்வரம் அறுந்து தொங்கியது. மணிக்குப் பிறகு. நன்றாகக் கேட்டது, மணிக்குப் பிறகு.

"கேட்டீங்களா?" என்றாள் ஸ்டெல்லாமேரி. "மணி அடிக்கறப்போ கித்தார் ஓடிக்கிட்டு இருக்கு. இங்க நிறுத்தணும்னு முன்னாடியே தெரிஞ்சவன் இப்பிடியா நிறுத்துவான்? தட்டுல கேளுங்க, கத்தியால அறுத்தாப்புல நிக்கும். இங்க நாறிப் போச்சு. ஏன்னா அவனுக்கே தெரியாது, மணி வரும்னு. அந்தக் கிறீச், ரிச்சர்டோட கை கித்தார விட்டுட்டு நெத்திக்குப் போற சத்தம்."

"அதெல்லாம் சும்மா..." என்று ரிச்சர்ட் தொடங்கினான்.

விஜயராகவன் கேசட்டை நிறுத்தியிருக்கவில்லை. டாண், டாண் என்று மணி விழுந்துகொண்டே இருந்தது. முன்வரிசையில் இருந்த ஒருத்தர் சிரிக்கத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவரும். பிறகு எல்லாரும் ரிச்சர்டையே பார்த்தார்கள்.

அவன் வலது கை நெற்றியில் இருந்தது.

அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. கையை இறக்குவதா, சிலுவையை முடிப்பதா என்று புரியாமல் நெஞ்சுக்கும் நெற்றிக்கும் நடுவில் நிறுத்தினான்.

"முடிச்சுடு ரிச்சர்ட்," என்றான் சூசை. "பாதியில விட்டா பாவம்."

மாடி அதிர்ந்தது. சுமலதா மோர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ரிச்சர்ட் கொஞ்ச நேரம் முகத்தை இறுக்கமாகவே வைத்திருந்தான். பிறகு சிலுவையை ஒழுங்காகப் போட்டு முடித்தான். தோளைக் குலுக்கினான்.

"பட்டாளத்துல இருபது வருஷம், பிரான்சுல இன்னும் இருபது வருஷம். இந்தக் கைக்கு மட்டும் ஒண்ணும் ஏறல பாரு."

"பாட்டு யாருது?" என்றாள் அவள்.

"உங்கப்பாதான ஸ்டெல்லா, எங்க வீட்டுக்கு வந்து சொன்னாரு? எம் பொண்ணு பேரு எதுலயும் வரக் கூடாதுன்னு. நான் என்ன பண்ண முடியும்?"

"எம் பேரு வரக் கூடாதுன்னாரு. உம் பேரப் போடச் சொன்னாரா?"

அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"நகராட்சியில முப்பத்தோரு வருஷம் உக்காந்தேன் ரிச்சர்ட். இந்த ஊர்ல பொறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மா பேரைக் கேட்டுக் கேட்டு எழுதுனேன். தப்பா எழுதிட்டா அடிச்சுத் திருத்தி முத்திரை வச்சுக் கொடுத்தேன். உங்க அக்கா பேரனுக்குக் கூட நான்தான் எழுதுனேன். நான் பெத்தது ஒண்ணே ஒண்ணு, அதுக்கு நீ அம்மாவா?"

ரிச்சர்ட் தன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். அவன் விஜயராகவன் பக்கம் திரும்பியபோது குரல் வேறாக இருந்தது.

"எழுதிக்கோங்க முசியே. பாட்டு அவளுது. வார்த்தையும் அவளுது, மெட்டும் அவளுது. கித்தார் மட்டும் என்னுது." சற்று நிறுத்தி, "அந்தக் கிறீச்சும் என்னுது," என்றான்.

சூசை எழுந்து நாற்காலியில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான்.

---

பிறகு யாரும் போகத் தயாராக இல்லை. "பாடுங்கம்மா, பாடுங்கம்மா" என்று பிடித்துக்கொண்டார்கள். விஜயராகவன் உள்ளே இருந்து ஒரு கித்தாரைக் கொண்டுவந்தார். ரிச்சர்ட் அதை வாங்கி முறுக்கேற்றினான். சூசை இரண்டு தண்ணீர்க் கேன்களைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டான்.

"எந்தக் கட்டையில?" என்றான் ரிச்சர்ட்.

"அப்ப பாடுன கட்டையிலயே."

"ஏறுமா?"

"நீ ஒன் கையப் பாத்துக்கோ."

சிரிப்பு அடங்குவதற்குள் சூசை ஆரம்பித்துவிட்டான். குரல் முதல் வரியில் கரகரத்தது. இரண்டாவது வரியில் வழி கண்டது. அந்தப் பழைய பெண்ணின் குரல் இல்லை அது, அதற்கு அடியில் இருந்த வேறொரு குரல், மண் ஏறியது, ஆனால் பயமில்லாதது. நடுப்பகுதி வந்தது. ரிச்சர்டும் சூசையும் நிறுத்தினார்கள். மணி இல்லை. மூலக்குளத்தில் அந்த நேரத்துக்கு மணி ஏது?

சுமலதா பக்கத்தில் இருந்த கதவில் மூன்று முறை தட்டினாள்.

"ஜன்னல்ல பாத்தது போதும்டா..."

இந்த முறை நாற்பது பேரும் தட்டினார்கள். நாற்காலியில், சுவரில், முழங்காலில்.

"வாசல்ல வந்து நில்லுடா..."

கீழ்வீட்டுக்காரர்கள் படியேறி வந்து வாசலில் நின்று அவர்களும் தட்டினார்கள்.

"தைரியம் உனக்கு இருந்தாக்கா..."

அதற்குப் பிறகு அந்த மாடியில் யார் பாடினார்கள், யார் தட்டினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

முடிந்ததும் அவள் உட்கார்ந்து, சுமலதா கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்தாள். விஜயராகவன் தாளும் பேனாவுமாக எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"கம்பெனிக்கு இன்னிக்கே சொல்லிடறேம்மா. தட்டோட மொதப் பக்கம் கேசட்டுல இருக்கறது. ரெண்டாம் பக்கம் ஸ்டுடியோவுல பாடுனது. சரியா?"

"சரி."

"பாட்டு, இசை: ஸ்டெல்லாமேரி. கித்தார் ரிச்சர்ட். டிரம்ஸ் சூசை. வேற யாராவது வாசிச்சாங்களா?"

"வாசிச்சாரு," என்றாள். "எழுதிக்கோங்க. மணி: மதலைமுத்து."

"அது யாரு?"

சூசைதான் பதில் சொன்னான். "அவங்கப்பா. எங்க கோயில்பிள்ளை அவருதான். மணிக் கயிறு அவரு கையில."

விஜயராகவன் பேனாவை நிறுத்தினார். "அன்னிக்கு மணி அடிச்சது உங்கப்பாவா?"

"எம் பாட்டு அவரு காதுல விழுந்துடுச்சு. கடைசியில ஒம்பது அடிக்கணும், கணக்கு. கேசட்டுல எண்ணிப் பாருங்க."

"நான் எண்ணிட்டேன்," என்றாள் சுமலதா. "பதினேழு."

"என்னை அமுக்கறதுக்குத்தான் அடிச்சாரு. நான் அமுங்கல. வீட்டுக்குப் போனேன், ஒரு மாசம் அவரு எங்கிட்டப் பேசல. ஒரு நாள் சோத்துக்கு உக்காந்துக்கிட்டு, மணிக்கு மேல எதுக்குடி கத்துனன்னு கேட்டாரு. நீங்க எதுக்குப்பா பதினேழு அடிச்சீங்கன்னு கேட்டேன். எழுந்து கை கழுவப் போயிட்டாரு."

"அவரு பேரையா போடணுங்கறீங்க? இந்தப் பாட்டுலயா?"

"அவரு இல்லன்னா இந்தப் பாட்டு ஏது? இவ்ளோ நல்லா யாரு சார் வாசிச்சாங்க அன்னிக்கு? ஒழுங்கா எழுதுங்க. மதலைமுத்து, கோயில்பிள்ளை, மணி."

ரிச்சர்ட் கித்தாரைச் சுவரில் சாய்த்தபடி தலையை ஆட்டினான். "இது மட்டும் அவருக்குத் தெரிஞ்சுது, கல்லறையிலேருந்து எழுந்து நேரா உன் வீட்டுக்கு வந்துடுவாரு ஸ்டெல்லா."

அவள் குவளையை வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள்.

"வரட்டும். கதவத் தட்டச் சொல்லு."